சிவப்பு அட்டை

அந்தச் சோப்புத்தூள் ஆலையில் அபாயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அபாயம் இருக்கும் இடத்தில் அட்டை இருக்காது, அட்டை தொங்கும் இடத்தில் அபாயம் இருக்காது. எல்லாம் பாதுகாப்பு அதிகாரியின் தாராள மனசு. ஒருநாள் கட்டுக்கட்டாகச் சிவப்பு அட்டைகளைக் கொண்டுவந்து கொட்டினார். மேலே மண்டையோடு, கீழே ‘ஆள் வேலை செய்கிறார், இயக்காதே’ என்று எழுத்து. இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் இதைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சாப்பாட்டு வேளை முழுக்க விளக்கினார். எல்லோரும் பசியோடு கை தட்டினார்கள்.

அட்டையின் அருமையை முதலில் கண்டுகொண்டது கலவை இயந்திரத்தை ஓட்டும் பெரியக்காதான். தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரே கழிப்பறையில் ஒன்றை மாட்டினாள். அப்புறம் அவளைத் தவிர ஒரு ஈ, காக்காகூட அந்தப் பக்கம் போகவில்லை. விஷயம் பரவ எத்தனை நேரம்? சக்கரம் திக்காத தள்ளுவண்டியில் மண்டையோடு, கால் ஆடாத நாற்காலியில் மண்டையோடு, காற்று வருகிற ஒரே மின்விசிறியின் சுவிட்சிலும் மண்டையோடு. அதிகாரி மட்டும் இளைத்தவரா? மரநிழலில் தன் கார் நிற்கும் இடத்தில் அவரும் ஒன்றைத் தொங்கவிட்டார்.

அந்த ஆலையில் ஃபிட்டராக இருந்தவன் பெரியக்காவின் தங்கை புருஷன். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். தங்கைக்கு இது நிறைமாசம். “அவரப் பாத்துக்கக்கா” என்று தினமும் போன் வேறு. பெரியக்காவும் பார்த்துக்கொண்டாள். அதாவது, பார்க்கும்போதெல்லாம் சோம்பேறி என்று திட்டினாள்.

அன்று சாப்பிட்டுவிட்டு வந்தால், கலவை இயந்திரத்தின் சுவிட்சில் சிவப்பு அட்டை. உள்ளே சுழலும் அலகுகளில் தூள் இறுகிப்போயிருந்ததால், அதைச் சுரண்ட ஃபிட்டரை மேல்தளத்து மூடி வழியாகத் தொட்டிக்குள் இறக்கிவிட்டிருந்தார் சூப்பர்வைசர். அதைப் பெரியக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்த மகானுக்குத் தோன்றவில்லை. அதுதான் அட்டை தொங்குகிறதே!

பெரியக்கா அட்டையை முறைத்தாள். அட்டையின் யோக்கியதை அவளுக்குத் தெரியாததா?

“மாட்டுனவன் டீ குடிக்கப் போயிருப்பான். தொரை திரும்பி வர்ற வரைக்கும் மெஷின் ஓடக்கூடாதாக்கும்!”

அட்டையைக் கழற்றி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊஹூம். மூன்றாம் முறை உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

“யாருய்யா அது, கீழ பொத்தானப் போட்டு டக்கு டக்குனு குத்தறது?”

குரல் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. பெரியக்கா பொத்தானிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஃபிட்டர் உடம்பெல்லாம் தூளோடு படியிறங்கி வந்தான். வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் காட்டினான்.

“இங்க அட்டைய எவன் மதிக்கிறான்? அதான் இதப் புடுங்கிப் பையில போட்டுக்கிட்டு எறங்குனேன். எந்தப் பாவி அது, பாத்தீங்களாக்கா?”

“நான்தான் தம்பி.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “போங்கக்கா, வெளையாடாதீங்க!”

அவளும் கூடச் சிரித்துவைத்தால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். அவளால் முடியவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலில் காத்திருக்கும் தங்கையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“நான்தான்,” என்றாள் மறுபடியும்.

அவன் சிரிப்பு நின்றது. அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“மூணு தடவ அமுக்குனீங்களேக்கா,” என்றான்.