ஏழாம் எண் சீட்டு

வருஷத்துக்கு ஒரு தடவை சபையின் நிவாரணக் குடோனுக்கு ஒரு பீடை பிடிக்கும். அதற்குப் ‘பார்வையிடல்’ என்று மரியாதையான பெயர். தூர தேசங்களுக்கு ஊழியத்துக்குக் கிளம்பும் இளசுகள், போவதற்கு முன்னால் சபை ஏழைகளுக்கு என்னவெல்லாம் செய்கிறதென்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் மட்டும் போதாதென்று, ஒரு மணி நேரம் கையாலும் செய்ய வேண்டுமாம். அவர்கள் செய்ததை மறுபடி செய்து முடிப்பது மட்டும் குடோன் அக்காவின் தலையெழுத்து.

அக்கா அங்கே பதினோரு வருஷமாகச் சரக்கு சரிபார்க்கிறவள். வெளியே போகும் ஒவ்வொரு பையிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு சீட்டு இருக்கும். அதில் சரிபார்த்தவரின் எண் இருக்கும். அக்காவின் எண் ஏழு. ஏப்ரனின் நெஞ்சுப் பக்கத்திலும் அதையே தைத்திருந்தாள். என் கை பட்ட சரக்கில் ஒரு குறை வந்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்வதில் அவளுக்கு அலுப்பே கிடையாது.

இந்த வருஷம் இருபத்து நாலு பேர் வந்தார்கள். தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, கழுத்தில் அட்டை. ஒருவன் போர்வைக் கட்டின் மேல் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். ஒருத்தி பால் பவுடர் டின்களைப் பார்த்துக் கண் கலங்கினாள். டின்னைப் பார்த்து அழுகிற ஆளை அக்கா அன்றுதான் பார்த்தாள்.

ஆற்றோரக் குடியிருப்புகளில் வெள்ளம். முகாமில் இருக்கும் பெண்களுக்கு நானூறு பைகள் போக வேண்டும். துண்டு, சோப்பு, பிரஷ், பேஸ்ட், சீப்பு, நாப்கின் பாக்கெட், கடைசியில் சீட்டு. அக்கா இளசுகளை நீள மேசையோரம் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு சாமான் என்று பிரித்துக் கொடுத்தாள். நேரம் மிச்சமாகட்டுமென்று, தன் எண்ணைக் குத்திய சீட்டுகளை முந்தின நாளே தயாராக வைத்திருந்தாள்.

வழக்கமாக இவர்கள் கிளம்பியதும் அக்காவின் ஆட்கள் எல்லாப் பையையும் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்றில் மூன்று சீப்பு இருக்கும், இன்னொன்றில் பேஸ்ட் இருக்கும், பிரஷ் இருக்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அக்கா முனகிக்கொண்டே சரிசெய்வாள். ஆனால் இன்றைக்கு அவர்களைக் கூட்டி வந்த போதகர் தியாகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டார். அவர் முடிப்பதற்குள் லாரி டிரைவர் உள்ளே வந்துவிட்டான்.

“அக்கா, தண்ணி ஏறிட்டே இருக்காம். ரெண்டு மணிக்குப் பாலத்தை மூடிருவாங்க. இனிமே பிரிச்சுப் பாத்துட்டிருந்தா வேலைக்காகாது.”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏத்துப்பா. பரிசுத்தமான கைங்க கட்டினது. ஏதாவது கொறஞ்சா மேல இருக்கறவர் பாத்துக்குவார்.”

இளசுகள் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். ஏற்ற வந்த ஆள்தான் நின்றுவிட்டான். பைகளை அடுக்கிய இருபது பெட்டியில் ஒன்றுக்குக்கூட டேப் ஒட்டவில்லை. டேப் ஒட்ட வேண்டியவள் வரிசையின் கடைசியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். வந்ததிலிருந்து வாயைத் திறக்காத பெண். அக்கா அவளுக்கு மனசுக்குள் ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தாள்.

“ஏம்மா, டேப் ஒட்டறதுக்கும் ஜெபம் பண்ணணுமா?”

“இதுல நாப்கின் இல்லக்கா,” என்றாள் அந்தப் பெண். “எதுலயும் இல்ல.”

அக்கா நான்கு பையைப் பிரித்தாள். இல்லை. குனிந்து பார்த்தால், நாப்கின் பெட்டிகள் பிரிக்காமலே மேசைக்கு அடியில் இருந்தன. அந்த இடத்தில் நின்ற இரண்டு பையன்களின் காதும் சிவந்திருந்தது.

“அவன் வைப்பான்னு நெனச்சேன்,” என்றான் ஒருவன்.

“சங்கடமா இருந்துச்சு,” என்றான் மற்றவன், தரையைப் பார்த்து.

“பேஷ்! கடல் தாண்டிப் போய் ஊரார் மனசைத் தொடப் போறீங்க. ஒரு பாக்கெட்டைத் தொட முடியல.” அக்கா ஊமைக்கோட்டான் பக்கம் திரும்பினாள். “நீ எப்படிக் கண்டுபிடிச்ச?”

அவள் கழுத்து அட்டையின் உறைக்குள்ளிருந்து மங்கிப்போன ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள்.

“எனக்குப் பதிமூணு வயசுல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. முகாம்ல இதே பைதான் குடுத்தாங்க. எனக்கு மொதல் தடவை அங்கதான் வந்துச்சு. பையைத் தொறந்தா அது மட்டும் இல்ல. இருந்த ஒரே துண்டை அம்மா கிழிச்சாங்க. இந்தச் சீட்டு மட்டும் சரியா இருந்துச்சு.”

சரிபார்க்கப்பட்டது. எண் 7.

அக்காவுக்கு அந்த வருஷம் நினைவுக்கு வந்தது. அன்றும் லாரி அவசரம், அன்றும் ஒரு பார்வையிடல், அன்றும் இதே ஆத்திரம். ‘அவங்க கட்டினது, அவங்க பாவம்’ என்று பிரிக்காமலே அனுப்பிவிட்டாள். அனுப்பியதையும் மறந்துவிட்டாள். இப்போது வெட்கம் உடம்பெல்லாம் சுட்டது. கைகளை மார்போடு கட்டி ஏப்ரன் எண்ணை மறைத்துக்கொண்டாள்.

“நிறுத்துப்பா லாரிய!” என்று கத்தினாள். “ஒரு மணி நேரம் குடு. எல்லாரும் பிரிங்க. அந்த ரெண்டு பேரும் பாக்கெட் வைக்கட்டும், வேற யாரும் வைக்கக் கூடாது.”

“ஒரு சின்ன ஜெபத்தோட ஆரம்பிக்கலாமே,” என்றார் போதகர்.

“ஐயா, நீங்களும் ஒரு பெட்டியப் பிரிங்க.”

அவரும் பிரித்தார். கட்டிய கையை அவிழ்த்துவிட்டு அக்கா நானூறு பையையும் தானே தொட்டுப் பார்த்தாள். பழைய சீட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் புதுச் சீட்டில் எண்ணைக் குத்திப் போட்டாள். மதியம் ஒரு மணி அடிப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது. இளசுகள் கடைசியாக ஒரு போட்டோ எடுக்க வெளியே ஓடினார்கள். அந்தப் பெண் மட்டும் மிச்ச டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

“அந்த ஏழாம் நம்பர்... நான்தாம்மா.”

“தெரியும்க்கா. உள்ள வந்ததுமே ஏப்ரன்ல பாத்துட்டேன்.” அவள் டேப்பை மேசைமேல் வைத்தாள். “இந்தத் தடவையாவது நீங்களா பிரிச்சுப் பாப்பீங்களான்னுதான் ஒட்டாம நின்னேன்.”