மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, மீதி நான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் போனில் பேச வேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முதலில் இது ‘பொதுப் பகுதி’ என்ற கட்டுரையாக இருந்தது:

“வெவ்வேறு பின்னங்களைக் கூட்ட வேண்டுமானால், கோட்டுக்குக் கீழே ஒரே எண் வரும்படி முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். மனித வாழ்வும்...”

(மனித வாழ்வு என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. நிறுத்திவிட்டேன்.)

2

அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்தது. இனி தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வீட்டில்தான் இப்போது இருக்கிறார். போன வாரம் அக்கா, தம்பி, நான் மூவரும் போனில் பேசினோம்.

“வருஷத்துல மூணுல ஒரு பங்கு நான் பாத்துக்கறேன்,” என்றாள் அக்கா.

“நான் நாலுல ஒரு பங்கு,” என்றான் தம்பி.

“மீதிய என்கிட்ட விடுங்க,” என்றேன்.

[இந்த இடத்தில் என் தியாக உள்ளத்தை விவரிக்கும் ஒரு பத்தி இருந்தது. படித்துப் பார்த்த மனைவி அதைப் பேனாவால் அடித்துவிட்டாள். உண்மையில், பெரிய பங்குகளை அவர்களே எடுத்துக்கொண்டார்கள், சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதுதான் எனக்கு என்று நினைத்தேன். அதற்கு நல்ல பெயரும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.]

3

மனைவி தையல்காரி. காலங்குலம், அரையங்குலம் என்று நாள் முழுக்கப் பின்னங்களோடு குடித்தனம் நடத்துபவள். துணி வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“மூணுக்கும் நாலுக்கும் பொதுவா என்ன வரும்?”

“பன்னெண்டு.”

“வருஷத்துக்கு எத்தனை மாசம்?”

அக்காவுக்கு நான்கு. தம்பிக்கு மூன்று. மீதியை நான் விரல் விட்டு எண்ணுவதற்குள் அவளே சொன்னாள்.

“அஞ்சு மாசம். எல்லாரையும் விட உங்களுக்குத்தான் அதிகம். கணக்குப் போட்டுட்டா தலையாட்டினீங்க?”

4

முடிவுகள்:

அ) ஐந்து மாதங்களையும் மனமார ஏற்றுக்கொண்டேன். (பொய். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

ஆ) அக்காவிடம் பேசி ஒரு மாதத்தை அவள் தலையில் கட்டினேன். (இதற்குத்தான் முயன்றேன். வேலை, ஒரே படுக்கையறை, மாடிப்படி என்று காரணங்களைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு அழைத்தேன். எடுத்தது அப்பா.)

“அக்கா கடைக்குப் போயிருக்கா. என்னடா?”

“ஒண்ணுமில்லப்பா. அந்த மாசக் கணக்கு...”

“தெரியும். அன்னிக்கு அவ ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினா. நானும் பக்கத்துலதான் இருந்தேன்.” “எத்தனை மாசம்னாலும் சரிடா. துணிய பையிலயே வெச்சுக்கறேன். எடத்த அடைக்காது.”

இ)

எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிரிக்க வைக்கத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். இந்த இடத்தில் அப்பாவுக்கு நான் சொல்லும் பதிலை நானே எழுதினால் என்னை நல்லவனாக்கிவிடுவேன், அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அப்பா போனை வைக்காமல் காத்திருக்கிறார்.