நீல விளக்கும் பதினைந்து நிமிடமும்

"உங்க கையில அப்படி என்னக்கா இருக்கு?"

குழந்தையின் அம்மா இப்படிக் கேட்டதும் உடம்பு பிடித்துவிடுகிறவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பன்னிரண்டு வருடமாக அந்த வார்டில் பச்சைக் குழந்தைகளுக்கு உடம்பு பிடித்துவிடுகிறாள். இதுவரை ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை.

"மருந்துதான், வேறென்ன?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

பிறந்து நாலு நாள். மஞ்சள் காமாலை. கண்ணைக் கட்டி நீல விளக்கின் அடியில் படுக்கவைத்திருந்தார்கள். காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் வெளியே எடுத்து, துளி எண்ணெய் தொட்டு, கடிகார முள் சுற்றுகிற திசையில் வயிற்றைத் தடவி, காலை மடக்கி நீட்டுவாள். வயிறு இளகி மலம் போனால் மஞ்சளும் கொஞ்சம் அதோடு போகும். அவள் வேலை அவ்வளவுதான். பெரிய வேலை விளக்கினுடையது. ரத்தத்தில் பதினெட்டாக இருந்த மஞ்சள் அளவு பதினைந்துக்கு இறங்கிய சந்தோஷத்தில் வந்த கேள்வி அது. விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா ரிப்போர்ட்டோடு நின்றார்.

"இருபது! விளக்குக்கடியிலேயே இருக்கிற குழந்தைக்கு எப்படி ஏறும்? வேற நோயான்னு பாக்கணும். இன்னும் ரத்தம் எடுங்க சிஸ்டர். சாயங்காலமும் இறங்கலன்னா ரத்தத்தையே மாத்தணும்."

பிடித்துவிடுகிறவள் குழந்தையைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் இன்னும் கையே வைக்கவில்லை, ஆனால் வயிறு எண்ணெயில் மினுமினுத்தது. அம்மாவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்மா வெளியில வச்சிருந்த?"

"சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் எடுத்து மடியில போட்டுப்பேன். நீங்க பண்ற மாதிரியே, கை வலிக்கிற வரைக்கும்..." அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. "நீங்கதானே மருந்துன்னு சொன்னீங்க?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் சிஸ்டர் அந்தச் சின்னக் குதிகாலைத் துடைத்து ஊசியை எடுத்துவிட்டாள்.

"குத்தாதீங்க சிஸ்டர். வேற நோய் எதுவும் இல்ல டாக்டர். எல்லாம் நான் சொன்ன ஒரு சொல்லால."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "கைக்குத்தான் சம்பளம் தர்றாங்க, வாய்க்கில்ல" என்றார்.

பகல் முழுக்கக் குழந்தை விளக்கடியிலேயே இருந்தது. சாயங்காலம் அளவு பதினேழரை. ரத்தம் மாற்ற வேண்டியதில்லை. எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவள் விளக்குப் பெட்டியருகே போனாள்.

அந்தப் பெண் பெட்டிக் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. விளக்கு போதும்."

குழந்தை காலை மடக்கி முக்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மலம் போகவில்லை என்று பெட்டியில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தது. இதற்கு இந்தக் கை உதவும். சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

உள்ளங்கையைத் துண்டில் துடைத்தாள். எண்ணெய்ப் புட்டியை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.