அடித்தல் திருத்தல் இல்லாத படிவம்

1.

இந்தக் கதை ஒரு பூஜ்ஜியத்திலிருந்து பிறந்தது. அதைப் போட்டவள் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கோடிக்கணக்கானோர் வாழும் ஒரு நாட்டில் வளர்ச்சி என்பது… [அடித்துவிட்டேன். அரசாங்க அறிக்கை வாசனை.]

மறுபடியும்: அவள் கண்களில் ஆழ்ந்த சோகம்… [இதையும். அவள் கண்களை நான் பார்க்கவே இல்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

2.

எழுத்தாளராவதற்கு முன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தேன். ஒரே தெருவில் மூன்று மொழியில் கதவைத் தட்டுவேன். மாடி வீடானாலும் தகரக் கூரையானாலும் பதின்மூன்றாம் கேள்வி ஒன்றுதான்: உயிரோடு பிறந்து, ஒரு முறையாவது அழுது, பிறகு இறந்த குழந்தை உண்டா?

அழாமல் பிறந்தால் இந்தக் கட்டத்தில் இடமில்லை. அழுதால் உண்டு. எந்தப் பகுதிக்கு நர்ஸ் வேண்டும், எங்கே பிரசவ வார்டு வேண்டும் என்பதெல்லாம் இந்தச் சின்னக் கட்டத்தைக் கூட்டித்தான் முடிவாகும்.*

* இது கட்டுரை மாதிரி இருக்கிறதென்றால் இருக்கட்டும். இது தெரியாமல் மூன்றாம் பகுதி புரியாது.

என் படிவங்களில் அடித்தல் திருத்தலே இருக்காது. மேற்பார்வையாளர் அவற்றைத் தூக்கிக் காட்டி, "கத்துக்கங்கய்யா!" என்று மற்றவர்களை வாருவார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

3.

இரண்டாம் மாடி. பதில் சொன்னவர் தாயல்ல, அவள் நாத்தனார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"என் தம்பிக்கு ரெண்டு."

"பொறந்து அழுது, அப்புறம் தவறினது?"

"ஒண்ணு செத்தே பொறந்துச்சு. அதெல்லாம் எதுக்கு இப்போ?"

தாய் சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அழகாக 0 போட்டேன். நான் கீழே இறங்கி வாசலைத் தாண்டும்போது அவள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"மேடம், அது அழுதுச்சு."

"அவங்க…"

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அன்னிக்கு ராத்திரி, விடியட்டும், ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிக்கலாம்னாங்க. அழுதுச்சுன்னு ஒத்துக்கிட்டா வண்டி ஏன் வரலன்னு கேள்வி வரும்ல? ஒரே ஒரு தடவதான் அழுதுச்சு. நான் கேட்டேன். நீங்க எழுதுங்க."

திருத்தினால் காரணம் எழுத வேண்டும். மேற்பார்வையாளரோடு மறுபடி வந்து எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். அதையும் சொன்னேன்.

"வாங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"சரிம்மா, எழுதிக்கிறேன்" என்றேன்.

எழுதவில்லை. அவள் குடும்பத்தில் சண்டை வருமே என்று பயந்தேன் என… [அடித்துவிட்டேன், பொய். படிவம் அசிங்கமாகிவிடுமே என்றுதான் பயந்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.]

4.

முடிவு ஒன்று: படியிலேயே உட்கார்ந்து 0வை அடித்து 1 போடுகிறேன். [நான் நல்லவளாகிவிடுகிறேன். வேண்டாம்.]

முடிவு இரண்டு: மேற்பார்வையாளர் வருகிறார். அவள் நடுக்கூடத்தில் நின்று சொல்கிறாள். நாத்தனார் தலைகுனிகிறார். [இதை எழுதினால் கைதட்டு விழும், தெரியும். ஆனால் நாங்கள் போகவே இல்லையே. அவள் எத்தனை நாள் வாசலைப் பார்த்தாளோ.]

5.

இந்தக் கதையில் அடித்ததையெல்லாம் ஏன் அப்படியே விட்டு வைத்தேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எழுதத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. அடிக்கத்தான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் அழுகையைக் கேட்டதாகச் சொன்னவள் ஒருத்தி, அவள் சொன்னதைக் கேட்டவர்கள் நானும் இப்போது நீங்களும். படிவத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

13. உயிரோடு பிறந்து, ஒரு முறையாவது அழுது, பிறகு இறந்த குழந்தைகள்: [ 0 ]

பேனா உங்களிடம் இருக்கும். படிவம் அசிங்கமானால் ஆகட்டும்.