கண்ணாடிக்குத் தெரியாத இடம்

அவள் சைக்கிளை வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்ததைக் கணவன் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தான். காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவன். பக்கவாதம் வந்ததிலிருந்து வலக்கையும் வலக்காலும் சொன்னபடி கேட்பதில்லை.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான். இனிமே வேலைக்கு இதுலதான்."

"பஸ் ஓட்டுறவன் கண்ணுக்கு சைக்கிள் ஒரு கொசு. எனக்கே அப்படித்தான் இருந்துச்சு. பேசாம பஸ்லயே போ."

பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவளுக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பாதிப் பொழுது நிறுத்தத்தில் நின்றே தீர்ந்தது. அவனைக் குளிப்பாட்டி, நாலு வாய் ஊட்டிவிட்டு அரக்கப்பரக்க ஓடுவதற்குள் அவனுடைய நடைப்பயிற்சி தினமும் நாளைக்குத் தள்ளிப்போனது. பயிற்சி கொடுப்பவர் வாரம் இரண்டு தடவை வந்தால்தான் கால் தேறும் என்றார். அதற்கான காசை பஸ்ஸும், தாமதமான நாட்களில் ஆட்டோவும் தின்றுகொண்டிருந்தன.

முதல் நாளே விழுந்தாள். நிறுத்தத்துக்கு ஒதுங்கிய பஸ் அவளை நடைபாதையோரம் நெருக்கிவிட்டது. சிராய்த்த முழங்கையோடு மாலையில் அதே சைக்கிளில்தான் திரும்பினாள். அவன் முழங்கையைப் பார்த்தான். சாப்பிட்டு முடித்ததும் கேட்டான்.

"பஸ்காரனுக்கு இடப்பக்கமா போனியா?"

"ஆமா."

"கண்ணாடிக்குத் தெரியாத இடம் அது. ஸ்டாப் வந்தா பின்னாடியே நின்னுடு. கண்ணாடியில அவன் மூஞ்சி உனக்குத் தெரியணும். அப்பதான் நீ அவனுக்குத் தெரிவ."

"போகாதேன்னு சொல்லலையே நீங்க?"

"சொன்னா கேக்குற ஆளா நீ?"

மறுநாள் நிறுத்தத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் காலூன்றி நின்றாள். கண்ணாடியில் ஓட்டுநரின் மீசை தெரிந்தது. சிக்னலில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க, அவள் ஓரமாக மிதித்துக் கடந்தாள். பழைய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

மிச்சமான நேரத்தில், காலையில் அவன் கை அவள் தோளில் கிடந்தது. கட்டிலிலிருந்து கதவுவரை, கதவிலிருந்து கட்டில்வரை. அவன் திட்டிக்கொண்டே நடந்தான். அவள் காது கொடுக்கவில்லை. பயிற்சி கொடுப்பவரும் வாரம் இரண்டு தடவை வரத் தொடங்கினார்.

ஒரு காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவன் வாசலில், சுவரில் தோளைச் சாய்த்து, சைக்கிளின் பக்கத்தில் நின்றிருந்தான். தனியாக. வலக்கைக் கட்டைவிரலைப் பின்சக்கரத்தின் மேல் வைத்திருந்தான்.

"காத்து கம்மியா இருக்கு" என்றான், திரும்பாமலே.

அவள் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. ஈரத் துண்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரலால் டயரை மறுபடியும் அழுத்தினான்.