ஏழாவது விதி

பன்னாட்டு உறவுகள் பாடம் எடுக்கும் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் போர்க்கொடி. அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாடுகளைத் தட்டிக்கேட்க மேலே ஆளில்லை, ஆகவே ஒவ்வொரு நாடும் அடுத்த நாட்டைக் கண்டு அஞ்சித்தான் தீரும் என்பது அவள் கட்சி. எதிர் அறையில் அமைதிக் கல்வி நடத்தும் பேராசிரியரோ, மனிதன் இயல்பிலேயே நல்லவன், கெடுப்பதெல்லாம் சூழ்நிலைதான் என்பவர். அவருக்குப் பெயர் புறா. மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் சரி, தேநீர் இயந்திரத்தின் முன் நின்றாலும் சரி, பதினான்கு வருடமாக இருவருக்கும் வாய்ச்சண்டை ஓயவில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கென்று அவள் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில், வருடத்துக்கு ஒருமுறை ஒரு விளையாட்டு உண்டு. மூன்று நாடு, நடுவில் ஓர் ஏரி. ஏரி என்பது முப்பது நீலக் கண்ணாடி மணிகள் போட்ட கிண்ணம்; ஒரு மணி ஒரு குடம் தண்ணீர். சுற்றுக்கு ஒரு குடம் எடுப்பதா, மூன்று குடம் எடுப்பதா என்று ஒவ்வொரு நாடும் ரகசியமாக எழுதி உறையில் போட வேண்டும். சுற்று முடிந்ததும் மழை மூன்று குடம் தரும். பத்தாவது சுற்று வரை ஏரி தாங்கியதாகச் சரித்திரமே இல்லை. ஐந்திலோ ஆறிலோ கிண்ணம் காலியாகிவிடும். உடனே அவள் தயாராக வைத்திருக்கும் முடிவுரையை எடுத்து, "மனித இயல்பு என்னவென்றால்" என்று தொடங்குவாள்.

இந்த வருடமும் முதல் சுற்று வழக்கம்போலத்தான் போனது. மூன்று உறையிலும் மூன்று. 'இதுங்களும் நம்ம பழைய ஆளுங்கதான்' என்று நினைத்துக்கொண்டு, இடைவேளை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வந்து இரண்டாம் சுற்று உறைகளைப் பிரித்தாள். ஒன்று, ஒன்று, ஒன்று. மூன்றாம் சுற்றிலும் அதே. நான்காம் சுற்றில் ஒரு நாடு மட்டும் மூன்று எடுத்தது. இனிமேல் அடிதடிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மற்ற இரண்டு நாடுகளும் முகம் கோணாமல் தலையாட்டின.

"ஏன் யாரும் கோவப்படல?" என்றாள்.

முதல் நாட்டின் தலைவராக இருந்த பேருந்து ஓட்டுநர் சொன்னார்: "நர்ஸம்மா நாட்டுல நாலு பிரசவம் மேடம். தண்ணி கூடுதலா வேணும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க."

"எந்தப் பிரசவம்? நான் குடுத்த விதித்தாள்ல அப்படி ஒண்ணுமே இல்லையே."

"தாள்ல ஜனங்களே இல்ல மேடம்," என்றாள் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலி. "வெறும் நாடு, ஏரின்னு இருந்துச்சு. இடைவேளையில நாங்களே ஆளுங்களைக் குடி வச்சோம். அண்ணன் நாட்டுல எல்லாருக்கும் முட்டி வலி."

வகுப்பு சிரித்தது. போர்க்கொடி சிரிக்கவில்லை. ஆறாம் சுற்று அவள் வயிற்றில் பால் வார்த்தது: மூன்றாம் நாட்டுத் தலைவரான சுங்க அதிகாரி, யாரிடமும் சொல்லாமல் மூன்று குடம் எடுத்திருந்தார்.

ஓட்டுநர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "என்ன சார், என்ன ஆச்சு?"

சுங்க அதிகாரி கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "பயந்துட்டேங்க. நீங்க ரெண்டு பேரும் தனியா பேசிட்டு இருந்தீங்க. எனக்கு ஏதோ குழி வெட்டுறீங்கன்னு தோணிடுச்சு."

"வெளியில மழை வருமான்னு பேசிட்டு இருந்தோம்," என்றாள் செவிலி. "சரி, இனிமே மூணு பேரும் சேர்ந்தே பேசுவோம்."

அவ்வளவுதான். பத்தாம் சுற்று முடிந்தபோது ஏரியில் இருபது குடம் இருந்தது. போர்க்கொடி இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். இவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று அப்போதுதான் உறைக்க, விதித்தாளைக் கையில் எடுத்தாள். ஆறு விதிகள்தான் இருந்தன. அவள் எழுதியது ஏழு. "நாடுகள் தமக்குள் பேசக் கூடாது" என்ற கடைசி வரியை நகல் எடுக்கும் இயந்திரம் விழுங்கியிருந்தது.

அவள் நெஞ்சில் எதுவோ பளிச்சென்றது. பேசாதே என்று வாயைக் கட்டியது அவள். ஆளே இல்லாத நாடுகளைக் கொடுத்ததும் அவள். கடைசியில் பார், மனித இயல்பு இதுதான் என்று சொன்னதும் அவளேதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பதினான்கு வருடமாகத் தானே போட்டதைத் தானே அள்ளி, கண்டுபிடிப்பு என்று பரிமாறியிருக்கிறாள். வெட்கம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நேராக எதிர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். நடந்ததைக் கேட்டதும் புறாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? மனுஷன் நல்லவன்."

"அவசரப்படாதீங்க சார். ஒருத்தர் திருடினாரு. அவரு கெட்டவரும் இல்ல, பயந்துட்டாரு. நல்லவங்கன்னு நம்பி விட்டிருந்தா உங்க ஏரியும் வத்தியிருக்கும். போய் என்னன்னு கேட்டாங்க பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு. உங்க புத்தகத்துலயும் அது இல்ல, என் புத்தகத்துலயும் இல்ல."

புறா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ ரெண்டு பேருக்குமே அடி."

"சரிசமமா."

இருவரும் வகுப்புக்கு வந்தபோது, யாரும் வீட்டுக்குக் கிளம்பியிருக்கவில்லை. நான்காவது நாடாக வரச் சொல்லி ஓட்டுநர் இருவரையும் அழைத்தார். மழையை நான்கு குடமாக்கிக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். முதல் உறையைப் பிரித்த செவிலி வாயைப் பொத்திக்கொண்டாள். போர்க்கொடியின் நாடு மூன்று குடம் எடுத்திருந்தது.

"நான் ஒண்ணுன்னுதான் சொன்னேன்," என்றார் புறா.

"கை பழக்கம்," என்றாள் போர்க்கொடி, காது வரை சிவந்து. அறையே அதிர்ந்தது.

சிரிப்பு அடங்கியதும் சுங்க அதிகாரி தன் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டார். "சொல்லுங்க மேடம். உங்க நாட்டுல என்ன பிரச்சினை?"

தன் நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இதுவரை அவளை எவரும் கேட்டதில்லை. "எங்க நாட்டுல ஒரு சலவைக்காரர் இருக்காரு," என்று ஆரம்பித்தாள். "பிடிவாதக்காரர். அவருக்கு ஏழு பொண்ணுங்க..."

புறா ஒரு தாளை எடுத்து, ஏழு பேருக்கும் பெயர் எழுதத் தொடங்கினார்.