பிரேக் பார்த்த தேதி

மீன் தலையோடு வேண்டுமா என்று கேட்கத்தான் சீவரத்தினம் பாசாரிலிருந்து போன் செய்தார்.

"தலையில்லாமல் என்ன சொதி? தலையோட கொண்டு வாங்கோ," என்றாள் மனைவி ராஜினி.

அவர் சரி என்றார். மேல்மாடியில் நிறுத்திய காரை எடுக்கத் தனியாக லிப்டில் ஏறினார். மூன்றாம் மாடியை நெருங்கும்போது பிரேக் பிடிக்காமல் லிப்ட் கீழே போனது.

கிள்ளான் தாமான் செரோஜாவில் இருக்கும் அந்தப் பாசார்க் கட்டடம் நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தம். லிப்டைப் பராமரிப்பது குத்தகை எடுத்த ஒரு கம்பெனி. அவர் சாவுக்கான இழப்பீடு பற்றி மகன் சிவேந்திரன் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தான். ராஜினிக்கு மனம் அதில் போகவில்லை. அந்தப் பிரேக்கைக் கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தார்கள், இல்லை பார்க்கவே இல்லையா என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும். விதி என்று விடுவதா, ஆளைக் கேட்பதா என்று தெரியாமல் ஒரு மனுஷி எப்படி அழுது முடிப்பது?

நகராண்மைக் கழகத்தின் தாள்களைக் கேட்டு வாங்கச் சிலாங்கூர் மாநிலத்தில் சட்டம் உண்டு. விண்ணப்பம் போட்டாள். பராமரிப்புக் குறிப்பேட்டின் நகல் பதினாறு பக்கம் வந்தது. தேதியும் வேலை விவரமும் இருந்த இடமெல்லாம் கறுப்புப் பட்டை. வேலைமுறை தங்கள் தொழில் ரகசியம் என்று கம்பெனி ஆட்சேபித்திருந்தது. மேல்முறையீடு செய்தாள். அதுவும் தள்ளுபடி.

காரணம் கேட்க நகராண்மைக் கழகத்துக்குப் போனபோது குத்தகைப் பிரிவில் புனிதா இருந்தாள். சீவரத்தினம் அதே பிரிவிலிருந்து பணி ஓய்வு பெறும்வரை அவரிடம் வேலை பழகியவள். ராஜினியை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். லிப்ட் குத்தகைக் கோப்பைத் திறக்கத் தயங்கினாள்.

"கோன்டிராக்ட் போட்டப்ப கம்பெனி விலைப் பட்டியலை மட்டும்தான் ரகசியமா வைக்கச் சொன்னாங்க ஆன்டி. ஆனா கோன்டிராக்ட்ல எல்லாப் பக்கத்துலயும் சூலிட்னு, அதான் ரகசியம்னு, சாப் குத்தியிருக்கு. மெயின்டனன்ஸ் பக்கத்துலயும். அப்பீல் கமிட்டி அதைப் புடிச்சிக்கிட்டாங்க."

"ஆர் குத்தினது?"

புனிதா முதல் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். சிவப்பு முத்திரைக்குக் கீழே சாய்ந்த கையெழுத்து. கலியாணப் பதிவேட்டில் தன் பெயருக்குப் பக்கத்தில் ராஜினி பார்த்த அதே கையெழுத்து.

அவர் வீட்டில் சொல்லிச் சிரித்ததுண்டு. இதைக் காட்டலாம், இதைக் காட்டக்கூடாது என்று பக்கம் பக்கமாகப் பிரிக்க யாருக்கு நேரம். கட்டு மொத்தத்துக்கும் குத்திவிட்டால் பென்ஷன் வரை ஒருவனும் கேள்வி கேட்கமாட்டான் என்பார். தேநீர் ஊற்றியபடி அவளும் சிரித்திருக்கிறாள்.

"சார் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு," என்றாள் புனிதா. "நாங்க இன்னும் அப்படித்தான் குத்துறோம்."

சிவேந்திரனிடம் ராஜினி இதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பாசாருக்குப் போய் மீனைத் தலையோடு வாங்கினாள். லிப்டைச் சரிசெய்து ஓடவிட்டிருந்தார்கள். கதவு திறந்தது. ஏறாமல் நின்று பார்த்தாள். உள்ளே கண்ணாடி புதிது, தரை புதிது. பொத்தான்களுக்கு மேலிருந்த தகடு மட்டும் பழையது: எட்டுப் பேர், ஐந்நூற்றைம்பது கிலோ. பிரேக் பார்த்த தேதி அதிலும் இல்லை.